ஏழாம் லீவரின் துணி

கதவுத் தாழ்ப்பாளை அப்பா வெறுங்கையால் தொட்டு வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தோளில் மடித்துப் போட்டிருக்கும் வெள்ளைத் துணியை எடுத்து, உள்ளங்கையில் விரித்து, அதன் வழியாகத்தான் பிடிப்பார். குழாயைத் திறப்பதும் அப்படித்தான். பேருந்தில் கம்பியைப் பிடிப்பதும் அப்படித்தான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவளுடைய நெற்றியில் முதலில் துணி வந்து விழும், அதற்கு மேல்தான் அவர் கை.

"துணிக்கு ஒண்ணுமில்லைங்க, பிள்ளைக்குத்தான் காய்ச்சல்" என்பாள் அம்மா.

அவர் சிரிக்கமாட்டார். துணியை உதறி, நான்காக மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொள்வார்.

மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்த அந்தத் துணியின் வாடை வீடு முழுக்க இருந்தது. தலையணையில் இருந்தது, பள்ளிக்கூடப் பையில் இருந்தது. சிறுவயதில் மகள் அதை அப்பாவின் வாசனை என்று நினைத்தாள். வளர வளர அது குமட்டியது. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். விடுதியில் படுத்த முதல் இரவு, அந்த வாடை இல்லாத காற்றை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டாள். சில மாதம் கழித்துப் பேருந்தில் நின்றபோது ஒரு தோழி அவள் கையைப் பார்த்துச் சிரித்தாள்: "ஏய், என்னடி இது, கம்பிக்குக் கைக்குட்டை கட்டியிருக்கே?" அப்போதுதான் அவளே குனிந்து பார்த்தாள். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

துணி வந்த வழி சிக்னல் கேபின். தண்டவாளத்தின் ஓரத்தில், மரப்படி ஏறிப்போனால், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு மாடி அறை. அதற்குள் மார்பு உயரத்துக்கு இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் கீழே கம்பியோடு இணைந்து, தூரத்தில் ஒரு கைகாட்டியையோ, வண்டியைத் தடம் மாற்றும் தண்டவாள நாக்கையோ அசைக்கும். லீவரின் கைப்பிடி மட்டும் பூச்சு இல்லாத வெற்று எஃகு. வியர்வைக் கை பட்டால் மறுநாளே துரு பிடிக்கும். அதனால் கேபின்காரர்கள் எல்லோருமே துணி வைத்துத்தான் இழுப்பார்கள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் துணியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இவர் துணியோடு வந்தார், வந்து வீட்டையும் கேபினாக்கினார்.

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் பளபளா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமைதான். கைப்பிடிகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தரை மெழுகு போட்டு வழுக்கும். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தபோது, "ஐயா, செருப்பு" என்று வாசலிலேயே மறித்தாராம். அதிகாரி ஓட்டைக் காலுறையோடு உள்ளே வந்து, பாதத்தை மறைக்க இடம் தேடிக்கொண்டே சோதனையை முடித்தாராம். அதை அவர் சொல்லும்போது மட்டும் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்திருக்கிறார்கள்.

அவருக்கு அடுத்த வேலை முறைக்கு வருகிறவருக்கு வைத்த பெயர் ஈரக்கை. அவரைவிட சில வயது இளையவர், 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே திரிந்தவர். அவருடைய உள்ளங்கை எப்போதும் நசநசவென்றிருக்கும். நோய் ஒன்றுமில்லை, பிறந்த உடம்பு அப்படி. பேனா பிடித்தால் காகிதம் நனையும். துணி வைத்து லீவரை இழுத்தாலும் துணி தாண்டி ஈரம் கசியும். அவர் முறை முடிந்து பளபளா உள்ளே வந்தால் கைப்பிடிகளில் தவிட்டு நிறத்தில் விரல் பதிந்திருக்கும்.

"கையா அது, கசியுற கூரையா?" என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளுவார். "தவளையைத் தொட்ட மாதிரி இருக்கு. அந்தக் கையாலதானே அவன் சாப்பிடுறான்?"

"உங்க கையால அவர் சாப்பிட முடியாதில்ல" என்பாள் அம்மா.

அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். கேபினில் குடிநீர்க் குவளையைத் தனியாக வைத்துக்கொண்டார். நாற்காலியில் விரிக்கத் தனி விரிப்பு. கடைசியில் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். பேசினால் எச்சில் தெறிக்கிறதாம்.

பிறகு ஒரு மழைநாள் மாலையில், ஈரக்கையின் முறையில், நின்றிருந்த எஞ்சின் மேல் பயணிகள் வண்டி மோதியது. சாவு இல்லை. எஞ்சினிலிருந்து குதித்த ஓட்டுநருக்கு இடுப்பு போனது. பல பேருக்குப் பல் போனது. ஈரக்கைக்கு வேலை போனது. வீட்டில் இந்தக் கதை அழுக்கைப் பற்றிய பாடமாக ஆயுசுக்கும் ஓடியது. மகள் கைகழுவாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் போதும். "அப்படித்தான் ஒருத்தன் இருந்தான். அந்தக் கையைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும், உருப்பட மாட்டான்னு." மோதலுக்கு மறுவருடம் மிகச் சுத்தமான கேபின் என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது கூடத்தில், கண்ணாடிக்குள், வாரம் ஒருமுறை துடைக்கப்பட்டுத் தொங்கியது.

அவர் ஓய்வுபெற்று நெடுநாள் கழித்து அந்தக் கேபினைக் காட்சிக்கூடமாக்கினார்கள். லீவர்களை அறுத்துப் பழைய இரும்புக்குப் போடாமல் விட்டதே பெரிய விஷயம் என்று அவர் சொன்னார். திறப்பு நாளுக்கு அவரை அழைத்திருந்தார்கள். மகள் வேலையில் விடுப்பு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். புதுச் சட்டை, புதுத் துணி. கைப்பிடிகள் மின்னின. இளம் அதிகாரி ஒருவர் எல்லோரையும் சுற்றி நிறுத்தி, "ஐயா, ஒரு லீவர் இழுத்துக் காட்டுங்க" என்றார். அவர் துணியை விரித்து, காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். வெளியே எதுவும் அசையவில்லை, கம்பியை எப்போதோ வெட்டிவிட்டார்கள். கூட்டம் கை தட்டியது.

ஏழாம் லீவரின் கழுத்தில் ஒரு இரும்பு வளையம் மாட்டியிருந்தது. ஒரு பெண் அது எதற்கு என்று கேட்டாள்.

"அது... ஒரு ஞாபகத்துக்கு" என்றார் அவர். "உள்ளே தண்டவாளத்துல வண்டி நின்னா, இன்னொரு வண்டியை உள்ளே விடுற அந்த லீவரை இழுக்கக் கூடாதுன்னு மாட்டுறது."

"மாட்டுவீங்களாண்ணே?"

குரல் படியிலிருந்து வந்தது. கதவோரம் ஒரு மெலிந்த ஆள் நின்றிருந்தார், காலில் செருப்போடு. மகள் அவரைப் பார்த்ததேயில்லை. ஆனால் அப்பாவின் முகம் சுண்டிப்போனதிலேயே அது யார் என்று புரிந்துவிட்டது.

"துணிய எங்கண்ணே காணோம்? ஏழாவது லீவர்ல துணிதானே தொங்கும்? இவங்களுக்கு அதச் சொல்லலியா?"

"யாருய்யா இவரை உள்ளே விட்டது?" என்றார் அப்பா அதிகாரியிடம்.

"எல்லாருக்கும் அனுமதிதான் சார், இலவசம்" என்றார் அதிகாரி, ஒன்றும் புரியாமல்.

ஈரக்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் ஒண்ணும் சண்டைக்கு வரலை. வேலை போனது போச்சு, பொண்டாட்டி போனது போச்சு. அன்னைக்கு மழையில நான் வந்தப்ப, லைன்ல எஞ்சின் நிக்குதுன்னு நீங்க வாயால சொல்லலை. அதை மட்டும் இவங்க முன்னாடி சொல்லுங்க. ஒரு வார்த்தை. நான் இறங்கிப் போயிடறேன்."

அப்பா துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு... மாத்திரை போடற நேரமாச்சு" என்றார் மகளிடம்.

ஈரக்கை சிரித்தார். வலது கையை விரித்து, ஏழாம் லீவரின் கைப்பிடியை முழுசாகப் பற்றி, ஒரு நீண்ட மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு செருப்பு சப்திக்க இறங்கிப் போனார். அவர் கடைசிப் படியைத் தாண்டுவதற்குள் அப்பா துணியை எடுத்து அந்தக் கைப்பிடியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தேய் தேய் என்று தேய்த்தார். கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துப் படம் எடுத்தது.

அன்றே மகள் அம்மாவைச் சமையலறையில் மடக்கினாள். "அந்த ஆள் என்னம்மா சொல்றார்? துணிக்கும் மோதலுக்கும் என்ன?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இத்தனை வருடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போலத் தடங்கலில்லாமல் வந்தது.

"வளையம் மாட்டினா கைப்பிடியில கீறல் விழும். உங்கப்பாவுக்குப் பொறுக்குமா? வளையத்தை மூலையில தூக்கிப்போட்டுட்டு, வண்டி நிக்குதுன்னா அந்த லீவர்ல தன் துணியைத் தொங்கவிடுவார். மத்தவங்களும் பழகிட்டாங்க. பளபளா துணி தொங்குதா, அந்த லீவரைத் தொடாதே. துணி இல்லையா, இழு. அந்தக் கேபினுக்கு அதுதான் சட்டம்னு ஆயிடுச்சு."

"சரி."

"வேலை கைமாறும்போது எங்க என்ன நிக்குதுன்னு வாயால சொல்லணும். இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லியே. துணிதான் சொல்லும். அன்னைக்கு அந்தாளு தொப்பலா நனைஞ்சுக்கிட்டு உள்ள வந்திருக்கார். தலையில தண்ணி சொட்டுது. உங்கப்பாவுக்கு ஒரே எண்ணம், இவன் என் துணியை எடுத்து மூஞ்சி துடைச்சிடுவான். ஏற்கெனவே ஒருதரம் கை துடைச்சிட்டானாம். துணியை உருவி மடிச்சு பையில வச்சிக்கிட்டு இறங்கிட்டார். எஞ்சின் சரக்குக் கிடங்குக்குப் பின்னால நின்னிருக்கு, மழையில கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியாது. அந்தாளு லீவரைப் பார்த்தார். துணி இல்லை. இழுத்தார்."

"வளையத்தையாவது மாட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அது துருப்பிடிச்சுக் கிடந்துது. தொடுவாரா?"

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"விசாரணையில அந்தாளு துணிக் கதையைச் சொல்லியிருக்கார். துணியா, விதிப்புத்தகத்துல துணி எந்தப் பக்கத்துலய்யா இருக்குன்னு கேட்டுச் சிரிச்சாங்களாம். உங்கப்பா, வாயால சொல்லிட்டுத்தான் வந்தேன்னு அடிச்சுச் சொல்லிட்டார். முடிஞ்சுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மோதல்னு சேதி வந்ததும் பையைத் திறந்தார். துணியைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார். பத்து வார்த்தை உளறினார், அத்தோட சரி. அந்தத் துணியை நான்தான் துவைச்சேன்." அம்மா அடுப்பைத் தணித்தாள். "என்னை அப்படிப் பார்க்காதே. நீ படிச்சது அந்தச் சம்பளத்துலதான். நான் வாயைத் திறந்திருந்தா நீயும் நானும் எங்கே நின்னிருப்போம்?"

அந்தக் கேள்வி மகளுக்கு முதலில் அம்மா மேல் கோபமாக வந்தது, பிறகு தன் சான்றிதழ்கள் மேல் ஒரு அருவருப்பாக வந்து தங்கியது. கூடத்தில் கேடயத்துக்குப் பக்கத்தில்தான் அவளுடைய பட்டமளிப்புப் படமும் தொங்கியது. இரண்டையும் ஒரே துணியால் அவர் துடைத்து வந்தார். தான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த நாட்களை எண்ணி அவளுக்குக் கூசியது. ஆனாலும் படத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் என்ன ஆகிவிடும், யாருக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டதோடு சரி.

அப்பாவை மட்டும் விடவில்லை. "போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வாங்கப்பா. வழக்கு ஒண்ணும் போடப்போறதில்லை அவர். சொல்லுங்க, அவ்வளவுதான்."

முதலில் அவர் பூசி மெழுகினார். "அவனும் எட்டிப் பார்த்திருக்கணும்ல? இறங்கிப்போய்ப் பார்த்தா என்ன, காலு தேஞ்சா போயிடும்?" பிறகு கத்தினார். பிறகு பல நாள் பேசாமல் இருந்தார். அவர் பேசாமலிருந்தால் என்ன ஆகும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்ததால், அவளும் விடாமல் எதிரே போய் உட்கார்ந்தாள். ஒரு காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். அவர் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்து அவளுக்கு அவர் மேல் பழைய பாசம் கொஞ்சம் திரும்பிக்கூட வந்தது.

ஈரக்கையின் வீடு ஒரு குறுகிய தெருவின் கடைசியில் இருந்தது. பழைய சைக்கிள்களைப் பிரித்துப்போட்ட முற்றம், அதற்கு முன்னால் இடுப்பளவு இரும்புக் கதவு. கதவு முழுக்கத் துரு, செதில் செதிலாக. அப்பா அதன் எதிரே நின்றார். கை தோளுக்குப் போனது. தோளில் துணி இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டிருந்தார்.

"நான் திறக்கறேன்பா" என்றாள் அவள்.

"வேண்டாம். கதவே இப்படி இருக்கு. உள்ள நாற்காலி எப்படி இருக்கும்? குடிக்க ஏதாவது குடுப்பான்."

"குடிக்காதீங்க. நின்னுக்கிட்டே சொல்லுங்க. இங்கேருந்து கூப்பிட்டுக்கூடச் சொல்லலாம்."

அவர் கதவைப் பார்த்தார். அந்தத் துருவை ஒரு உயிருள்ள ஜந்துவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மூக்கு சுளித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. "நாளைக்குத் துணியோட வரேன்" என்றார். திரும்பி நடந்தார். அவள் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் வெயில் அதிகம் என்றார். அதற்கு மறுநாள் முழங்கால். அப்புறம் ஒரு மதியம் சாப்பிட்டு, கை கழுவி, துணியில் துடைத்து, நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துணி மடியில் நான்காக மடித்தபடி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்ன சுத்தமான மனுஷன் என்றார்கள். அவள் வாயில் உமிழ்நீர் ஊறி ஊறி வந்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் தனியாக அந்த இரும்புக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். ஈரக்கை ஒரு சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "பளபளா போயிட்டாராமே" என்றார்.

"ஆமாங்க."

"அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்தீங்க. ஜன்னல் வழியா பார்த்தேன். கதவைப் பார்த்துப் பயந்து ஓடினார் பாரு..." சிரிப்பு இருமலாக மாறியது. "உட்காரு. டீ இருக்கு."

குவளை அழுக்காகத்தான் இருந்தது. விளிம்பில் பழைய கறை. அவள் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னாள். அப்பா அன்றைக்கு வாயால் எதுவும் சொல்லவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விசாரணையில் சொன்னது பொய். அம்மாவுக்கும் தெரியும். "எழுதிக் கையெழுத்துப் போட்டும் தரேங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அவர் சங்கிலியைத் திருப்பிப் போட்டார். "நீ எதுக்குச் சொல்றே? நீ அங்க இருந்தியா?"

"இல்லை. ஆனா..."

"இல்லைல்ல? அப்ப வேணாம். அது அந்தாளு வாயிலேருந்து வரவேண்டியது. பொண்ணு வந்து சொன்னா தீர்ந்துடுமா? மனசை லேசாக்கிக்கிட்டு நீ பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிடுவே. எனக்கு என்ன மிஞ்சும்?" கண்ணில் ஒரு குரூரமான திருப்தி மினுங்கியது. "இத்தனை வருஷமா நான் காலையில எழுந்திருக்கிறதே அந்தாளு எனக்கு ஒரு வார்த்தை பாக்கின்னுதான். அதையும் புடுங்கிட்டுப் போக வந்தியா? வேலையைப் பாரு போ."

தேநீரையாவது குடித்துவிடலாம் என்று அவள் குவளையை உயர்த்தினாள். அவர் பார்வை அவள் கையில் நிலைத்தது.

"அடிப்பாவி" என்றார், ஏறக்குறைய அன்பாக. "அப்பன் பொண்ணுதான்."

அவள் குனிந்தாள். குவளையைச் சுற்றி அவளுடைய கைக்குட்டை இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. உருவி எறிந்துவிட்டு வெறுங்கையால் பிடித்தாள். கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள்.

"இப்பக் குடிச்சு என்ன" என்றார் அவர், சங்கிலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. உங்கப்பா கணக்கு அப்படியே இருக்கட்டும்."